கிழிக்கப்பட்ட ஸ்பைடரும் 1956ஆம் வருடச் சட்டமும்

1987. நான் எட்டாம் வகுப்பு. புவியியல் நோட்டுக்குள் வைத்து லயன் காமிக்ஸ் ஸ்பைடர் கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். சார் பின்னாலிருந்து வந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் என்னை மேடையில் ஏற்றி, அந்தப் புத்தகத்தை நாலாகக் கிழித்தார்கள். "திருடனைக் கதாநாயகனா வச்சுப் படிக்கிறவன் நாளைக்கு என்னவா வருவான்?" என்று மைக்கில் கேட்டார். ஐந்நூறு பேர் சிரித்தார்கள். புத்தகம் வேறு ஒருத்தனிடம் இரவல் வாங்கியது. அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ரெண்டு மாசம் ஆனது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஒரு ராட்சதன் ஒரு பெண்ணைக் கையில் தூக்கி வாயில் போடப்போகிறான், அவள் மகன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "அட்டாக் ஆன் டைட்டன்" என்ற ஜப்பானிய மாங்கா. யோசிக்கவே இல்லை, போனைப் பிடுங்கிவிட்டேன்.

"அப்பா, நீங்க முழுசாப் படிச்சீங்களா?" என்றாள்.

படிக்கவில்லை. எங்கள் சாரும் ஸ்பைடரைப் படித்திருக்கமாட்டார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. பிள்ளைகள் கையில் போகும் வன்முறைப் படக்கதைகளையும் ஆபாசப் படக்கதைகளையும் அரசாங்கம் கட்டுப்படுத்தலாமா? கட்டுப்படுத்தலாம் என்றால், எப்படி? இது ஏதோ ஜப்பான்காரன் பிரச்சனை என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். நம் ஊரிலேயே இதற்கென்று ஒரு தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. இளம் நபர்களுக்குத் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகள் சட்டம், 1956ஆம் ஆண்டின் 93ஆவது சட்டம். நாலைந்து பக்கம்தான். ஒரு சிறுகதையை விமர்சிப்பதுபோல அதை வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பார்த்தேன். அந்த வாசிப்பின் குறிப்புகள்தான் இவை.

எங்கிருந்து வந்தது

அந்தச் சட்டத்தின் மூலம் பிரிட்டன், அதற்கும் மூலம் அமெரிக்கா. ஆகவே அங்கிருந்து தொடங்கவேண்டும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் குற்றக் காமிக்ஸும் திகில் காமிக்ஸும் சக்கைப்போடு போட்டன. ஈசி காமிக்ஸ் என்ற நிறுவனம் அதில் முன்னணி. அதன் உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ். எதிர்த்தரப்பில் நின்றவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர். 1954இல் வெளிவந்த அவருடைய "சிடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்" என்ற புத்தகம் பெற்றோர்களைக் கலங்கடித்தது. சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸ் ஒரு முக்கியக் காரணம் என்பது அவர் வாதம்.

அந்த வருடம் ஏப்ரலில் செனட் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. கெய்ன்ஸ் தானாக முன்வந்து சாட்சி சொன்னார். ஒரு கையில் கோடரி, மறுகையில் ஒரு பெண்ணின் வெட்டப்பட்ட தலை என்று ஒருவன் நிற்கும் அட்டைப்படத்தைச் செனட்டர் கெஃபாவர் தூக்கிக் காட்டினார். இது ரசனைக்கு உகந்ததா என்று கேட்டார். திகில் காமிக்ஸின் அட்டை என்ற வகையில் உகந்ததுதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் தவறு என்று விளக்கமும் கொடுத்தார். அந்தப் பதிலோடு அவர் கதை முடிந்தது.

அமெரிக்க மத்திய அரசு சட்டம் எதுவும் போடவில்லை. போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பதிப்பாளர்களே சங்கம் அமைத்து, 1954 அக்டோபரில் காமிக்ஸ் கோட் என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். தலைப்பில் திகில், பயங்கரம் என்ற சொற்கள் கூடாது. ரத்தக்காட்டேரி கூடாது. நீதிபதி, போலீஸ், அரசு அதிகாரிகளை மரியாதைக் குறைவாகக் காட்டக்கூடாது. முத்திரை இல்லாத புத்தகத்தை மொத்த வியாபாரிகள் தொடமாட்டார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். குழந்தைகளைக் காப்பாற்றக் கிளம்பிய விதியில் போலீசுக்கும் நீதிபதிக்கும் எதற்குப் பாதுகாப்பு? தணிக்கை அதிகாரம் கைக்கு வந்ததும் அது முதலில் யாரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதுவே சாட்சி. 1956இல் நடந்தது இன்னும் மோசம். கெய்ன்ஸ் தன்னுடைய ஒரு விண்வெளிக் கதையை மறுபதிப்பு செய்ய முயன்றார். ஆரஞ்சு, நீல நிற எந்திர மனிதர்களிடையே பாகுபாடு நிலவும் ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஆய்வாளர் ஒருவர் போகிறார். நீங்கள் இன்னும் எங்களோடு சேரும் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர். அவர் கறுப்பராக இருக்கக்கூடாது என்று தணிக்கை அதிகாரி சொன்னார். கதையில் ரத்தமும் இல்லை, ஆபாசமும் இல்லை. கெய்ன்ஸ் சண்டைபோட்டு அப்படியே வெளியிட்டார். அதோடு காமிக்ஸ் புத்தகத் தொழிலையே விட்டுவிட்டு, ஏற்கெனவே பத்திரிகை வடிவத்துக்கு மாற்றியிருந்த "மேட்" இதழோடு நின்றுகொண்டார்.

வெர்தாமைத் திட்டுவது சுலபம்

காமிக்ஸ் ரசிகர்கள் எல்லோருக்கும் வெர்தாம்தான் வில்லன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டபின், கேரல் டில்லி என்ற நூலக அறிவியல் ஆய்வாளர் அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு 2012இல் ஒரு கட்டுரை எழுதினார். பல சிறார்கள் சொன்னதை ஒருவர் சொன்னதாகச் சேர்த்தது, வயதை மாற்றியது, காமிக்ஸ் தவிர்த்த மற்ற காரணங்களை விட்டுவிட்டது என்று வெர்தாம் செய்த கோளாறுகள் வெளிவந்தன. ஆய்வாளர் என்று பார்த்தால் மன்னிக்கமுடியாத காரியம்.

ஆனால் இதே வெர்தாம்தான் 1946இல் ஹார்லெமில் கறுப்பின ஏழைகளுக்காக ஒரு மனநல மருத்துவமனையைத் தொடங்கியவர். நிறவாரியாகப் பள்ளிகளைப் பிரித்துவைப்பது குழந்தைகளின் மனதை என்ன செய்கிறது என்று டெலவேர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். அந்த வழக்கு, பள்ளிப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் ஒரு பகுதி. காமிக்ஸில் கறுப்பர்களையும் ஆசியர்களையும் மனிதர்களுக்குக் கீழானவர்களாக வரைகிறார்கள், பெண்களைக் கட்டிவைத்து அடிப்பதை ரசிக்கும்படி வரைகிறார்கள் என்று அவர் சொன்னது பொய் இல்லை. அந்தக் காலத்துப் பக்கங்களைப் புரட்டினால் இன்றைக்கும் தெரியும்.

அவர் காமிக்ஸ் கோடைக் கேட்கவும் இல்லை. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் குற்றக் காமிக்ஸை விற்கக்கூடாது, கண்ணில் படும்படி வைக்கக்கூடாது என்பதே அவர் கோரிக்கை. பெரியவர்கள் என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றார். அமெரிக்காவுக்குக் கிடைத்தது நேர் எதிரானது. எல்லாக் காமிக்ஸும் எல்லா வயதினருக்கும் ஏற்றதாக இருக்கவேண்டும் என்று ஆக்கி, அந்தக் கலையையே சின்னப்பிள்ளை விஷயமாகச் சுருக்கிவிட்டார்கள். இதன் உச்சக்கட்டம் 1971. போதைப்பொருளின் ஆபத்தைச் சொல்லி ஒரு கதை எழுதுங்கள் என்று அமெரிக்க அரசின் சுகாதார, கல்வித் துறையே ஸ்டான் லீயிடம் கேட்டது. ஸ்பைடர்மேனில் எழுதினார். போதைப்பொருள் என்ற பேச்சே வரக்கூடாது என்று கோட் முத்திரை மறுத்தது. அந்த மூன்று இதழ்களும் முத்திரை இல்லாமலே வெளிவந்தன. விதியைத் திருத்தவேண்டியதாயிற்று.

பிரிட்டனின் பேய் வேட்டை

1954 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கத்தி, கூர்க்குச்சி சகிதம் திரண்டார்கள். இரும்புப் பல் வைத்த ஏழடிப் பேய் ஒன்று ரெண்டு பையன்களைத் தின்றுவிட்டதாம், அதைப் பிடிக்கப் போகிறார்களாம். உண்மையில் எந்தப் பையனும் காணாமல் போகவில்லை. பழி அமெரிக்கத் திகில் காமிக்ஸ்மேல் விழுந்தது. இரும்புப் பல் பூச்சாண்டி ஸ்காட்லாந்தின் பழைய குழந்தைப் பாட்டிலேயே உண்டு என்பதையும், கிளாஸ்கோ பிள்ளைகள் இப்படிக் கூட்டமாகப் பேய் வேட்டைக்குப் போனது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது என்பதையும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் பின்னால்தான் எடுத்துக் காட்டினார்கள். அதற்குள் சட்டம் வந்துவிட்டது.

1955ஆம் வருட பிரிட்டிஷ் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்கள் ஒரு விநோதமான கூட்டணி. ஆசிரியர் சங்கம், தேவாலயங்கள், அவர்களோடு கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள். மார்ட்டின் பார்க்கர் 1984இல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கட்சிக்காரர்களுக்கு உண்மையான எதிரி அமெரிக்கக் கலாச்சாரம். குழந்தை என்று பேசினால் மக்கள் காது கொடுத்தார்கள். பிரான்ஸிலும் 1949ஆம் வருடச் சட்டத்தில் கத்தோலிக்கர்களும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் நின்றார்கள். நம் லக்கி லூக் கூட அங்கே மாட்டினார். கைக்குழந்தை பில்லி துப்பாக்கிக் குழாயைச் சூப்பும் காட்சி அங்கே தணிக்கைக்குத் தப்பவில்லை.

இனி நம் சட்டம்

பிரிட்டிஷ் சட்டத்தையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், காப்பி அடித்தது தெரியும். அடிக்கும்போது என்னென்ன மாற்றினார்கள் என்பதும் தெரியும். விஷயமே அந்த மாற்றங்களில்தான் இருக்கிறது.

முதலாவது, வரையறை. குற்றங்கள் செய்யப்படுவது, வன்முறை அல்லது கொடுமை, அருவருப்பான அல்லது பயங்கரமான சம்பவங்கள் ஆகியவற்றை முழுமையாகவோ பெரும்பாலுமோ சித்தரித்து, ஒட்டுமொத்தத்தில் இளம் நபரைக் கெடுக்கக்கூடிய வெளியீடு என்பது ரெண்டு சட்டத்துக்கும் பொது. பிரிட்டிஷ் சட்டம் படங்களால் சொல்லப்படும் கதைகளை மட்டுமே தொடுகிறது. நம் சட்டம் படங்களின் துணையோடு சொன்னாலும் சரி, படமே இல்லாமல் சொன்னாலும் சரி என்கிறது. காமிக்ஸுக்கு விரித்த வலையில் நாவல், வார இதழ், நாளிதழ் எல்லாம் விழும்.

ரெண்டாவது, வயது. பிரிட்டனில் பதினேழுக்குக் கீழே. இங்கே இருபதுக்குக் கீழே. 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில், ஆபாசப் பொருட்களை இளையோருக்கு விற்பது பற்றிய 293ஆம் பிரிவிலும் இருபதாகத்தான் இருந்தது, அதிலிருந்து எடுத்திருப்பார்கள் போல. இதில் ஒரு கூத்து உண்டு. அதற்கு முந்தின வருடம் வந்த இந்துத் திருமணச் சட்டம் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைக்க அனுமதித்தது. ஆக 1956இல், பத்தொன்பது வயதில் ரெண்டு பிள்ளைக்குத் தாயானவள், படக்கதை படித்தால் கெட்டுப்போகக்கூடிய இளம் நபர். பிள்ளை பெறுவதற்கு வயது வந்துவிட்டது, பேய்க்கதை படிப்பதற்கு வரவில்லை.

மூணாவதுதான் முக்கியமானது. பிரிட்டனில் வழக்குத் தொடுக்க அட்டர்னி ஜெனரலின் சம்மதம் வேண்டும். ஒரு கான்ஸ்டபிள் தன் ரசனைக்குப் பிடிக்கவில்லை என்று கடைக்காரரைக் கோர்ட்டுக்கு இழுக்கமுடியாது. நம் சட்டம் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டது. பிடியாணை இல்லாமலே போலீஸ் கைதுசெய்யக்கூடிய குற்றம். எந்தப் போலீஸ் அதிகாரியும் புத்தகத்தைக் கைப்பற்றலாம். தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மாநில அரசு ஒரு வெளியீட்டையே பறிமுதல் செய்வதாக அறிவிக்க விரும்பினால் மட்டும் தலைமை வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவேண்டும்; அதை எதிர்த்து அறுபது நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைக்காரர் எப்போது உயர் நீதிமன்றம் போயிருக்கிறார்?

நியாயமாகப் பார்த்தால் இந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. வெளியீட்டை ஒட்டுமொத்தமாகப் பார்க்கச் சொல்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் பிய்த்துக் காட்டிக் குற்றம் சொல்லமுடியாது. துச்சாதனன் மார்பைப் பீமன் பிளக்கும் படம் இருப்பதால் மகாபாரதப் படக்கதையைத் தடைசெய்ய இந்தச் சட்டம் இடம் தராது. செனட் விசாரணையில் அட்டைப்படத்தை மட்டும் தூக்கிக் காட்டியதைவிட இது முன்னேற்றம்.

சரி, ஸ்பைடருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஸ்பைடர் 1965இல் லயன் என்ற பிரிட்டிஷ் வார இதழில் அறிமுகமானவன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பின்னால் அவன் கதைகளை எழுதினார். தொடக்கத்தில் அவன் சுத்தமான வில்லன். கூர்க்காது, வலைத் துப்பாக்கி, குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆகும் கனவு. பூட்டு உடைப்பவன் ஒருவனையும் விஞ்ஞானி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு கொள்ளையடிக்கிறான். கதை முழுக்கக் குற்றம்தான், அதைச் செய்பவன்தான் நாயகன். சட்டத்தின் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வான். 'கெடுக்கக்கூடியது' என்ற கடைசி நிபந்தனை மட்டும்தான் அவனைக் காப்பாற்றமுடியும். அதை எப்படி அளப்பது? சட்டத்தில் அதற்கு ஒரு அளவுகோலும் கிடையாது. புத்தகத்தை யார் கையில் எடுக்கிறாரோ அவர் மனம்தான் அளவுகோல். எங்கள் சார் கையில் எடுத்தார், கிழித்தார். அந்தச் சட்டத்தின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது, ஆனால் அதே சட்டத்தைத்தான் நடத்திக்காட்டினார்.

தெளிவில்லாத சட்டத்துக்கு வழக்குகளே தேவைப்படாது. பதிப்பாளர் பயந்து தானே வெட்டிக்கொள்வார். சின்ன வயதில் நான் படித்த ஒரு துப்பறியும் காமிக்ஸில் கடற்கரையில் நிற்கும் பெண்ணுக்குக் கழுத்திலிருந்து முட்டிவரை யாரோ கறுப்பு மையில் அங்கி வரைந்திருந்தார்கள். அதே பக்கத்தில் ஒருவன் நெற்றியில் சுடப்பட்டுச் சாய்கிறான். அதன்மேல் ஒரு பொட்டு மையும் இல்லை. பெண்ணின் தோள் தெரிந்தால் கெட்டுப்போவோம், கொலையைப் பார்த்தால் கெட்டுப்போகமாட்டோம் என்று எங்களுக்காக யாரோ முடிவு செய்திருக்கிறார்.

அப்போ எதுவுமே வேண்டாமா?

இந்த இடத்தில் கருத்துச் சுதந்திரம் வாழ்க என்று முடித்துவிடலாம். காமிக்ஸ் ரசிகர்கள் எழுதுவது பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. எனக்கு அது போதவில்லை. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கும் முப்பது வயதுக்காரருக்கும் ஒரே அலமாரி என்பதை ஒரு தகப்பனாக என்னால் ஏற்கமுடியாது.

டோக்கியோவில் நடந்தது எனக்குப் பாடமாக இருந்தது. 2010இல் அந்நகர நிர்வாகம் தன் இளையோர் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழானவர்போலத் தோன்றும் கற்பனைப் பாத்திரங்களின் பாலியல் சித்தரிப்பைக் கட்டுப்படுத்துவது நோக்கம். அதற்கு அவர்கள் வைத்த பெயர், நிஜத்தில் இல்லாத இளையோர். வரைந்த கோட்டுக்கு வயது எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஓவியர்கள் கேட்டார்கள். ஜூனில் தீர்மானம் தோற்றது. டிசம்பரில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, சட்டப்படி குற்றமான பாலுறவு, நெருங்கிய ரத்த உறவுக்குள் பாலுறவு ஆகியவற்றைப் பெருமைப்படுத்தியோ மிகைப்படுத்தியோ காட்டும் மாங்காவுக்கும் அனிமேஷனுக்கும் என்று மாற்றி நிறைவேற்றினார்கள். பெரிய பதிப்பகங்கள் அடுத்த வருட அனிமே கண்காட்சியைப் புறக்கணித்தன. நிஜ மனிதர்கள் நடித்த படங்களுக்கு இந்த விதி ஏன் இல்லை என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது.

ஆனாலும் அந்தச் சட்டம் செய்வது என்ன என்று பாருங்கள். புத்தகத்தை ஒழிப்பதில்லை. பெரியவர்களுக்கான அலமாரிக்கு மாற்றுகிறது, பதினெட்டுக்குக் கீழே விற்காதே என்கிறது. வெர்தாம் கேட்டதற்கு மிக அருகில் இருப்பது இதுதான். அலமாரி வேறு, அடுப்பு வேறு. நம் 1956ஆம் வருடச் சட்டம் நேராக அடுப்புக்குப் போகிறது. கைப்பற்றிய பிரதிகளை அழிக்கவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள்.

நிஜக் குழந்தை சம்பந்தப்பட்ட படங்களுக்கு இந்த விவாதமே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே கொடுமை நடந்துவிட்டது. அதற்கு 2012ஆம் வருட போக்சோ சட்டம் இருக்கிறது, கடுமையாகத்தான் இருக்கவேண்டும். நான் பேசுவது வரைந்த கதைகளைப் பற்றி.

அலமாரி யோசனைக்கும் இன்றைக்கு ஒரு பெரிய ஓட்டை. கடைதான் இல்லையே! 2009இல் சவிதா பாபி என்ற இணையத்து ஆபாசப் படக்கதைத் தளத்தை இந்திய அரசு முடக்கியது. எனக்கே அந்தப் பெயர் தடைச் செய்தி மூலம்தான் தெரியவந்தது. என் மகள் படிப்பது எந்தக் கடையிலிருந்தும் வரவில்லை. கடைசிக் காவல் வீட்டுக்குள்தான், அதாவது என்னிடம். நான் செய்தது என்ன? பிடுங்கினேன்.

சொல்லாமல் போனது

டைட்டனை அப்புறம் நானும் படித்தேன், முழுசாக. இரவு பதினோரு மணிக்குமேல், மூணு வாரம். ரத்தக்களரிதான், மறுக்கவில்லை. ஆனால் பின்பாதியில், எதிரி என்று யாரைச் சொல்லி நம்மை வளர்த்தார்களோ அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற இடத்துக்கு வருகிறது. முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. மகளிடம் சொன்னேன். "எனக்கும் பிடிக்கலப்பா" என்றாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பேச்சு முடியும் நேரத்தில், ரொம்பத் தயங்கி, வேறு ஒன்றைச் சொன்னாள். போனைப் பிடுங்கியதற்கு ஆறு மாதம் முன்னால் நடந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி அனுப்பிய வேறொரு மாங்கா. அவள் வயதுப் பெண் ஒருத்திக்கு நடக்கக்கூடாதது நடப்பதை விளையாட்டுபோல, அழகாக வரைந்திருந்ததாம். மூடிவிட்டாளாம். ஆனாலும் பல நாள் தூக்கத்தில் வந்ததாம்.

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"சொன்னா போன வாங்கிடுவீங்கன்னு நெனச்சேன்."

என்னால் பதில் சொல்லமுடியவில்லை. 1987இல் எனக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசப்படும் ஒருவனின் படம். எந்தப் புத்தகம் என்பதுகூட மறந்துவிட்டது, அந்தக் கண்கள் மறக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காமிக்ஸ் படித்தது தெரிந்துவிடும், மேடையில் ஏற்றுவார்கள்.

வெர்தாமிடமும் கெஃபாவரிடமும் 1956ஆம் வருடச் சட்டத்திடமும் எனக்குள்ள சண்டை இதுதான். படம் பிள்ளையைப் பாதிக்கும் என்று அவர்கள் சொன்னது சில சமயம் உண்மை. என் மகளைப் பாதித்திருக்கிறது. ஆனால் படிப்பதையே குற்றமாக்கினால், பாதிக்கப்பட்ட பிள்ளை முறையிட வரும்போது குற்றவாளியாகத்தான் வரவேண்டியிருக்கிறது. ஆகவே வராது. சட்டம் தண்டிப்பது விற்பவரைத்தான், வாசிப்பவரை அல்ல என்று வக்கீல்கள் சொல்வார்கள். எழுத்தில் அது சரி. பள்ளிக்கூட மேடையிலும் வீட்டுக் கூடத்திலும் அது எப்படி நடக்கிறது என்பதற்கு நான் ரெண்டு பக்கத்துச் சாட்சி.

கனடாவில் 1949இல் குற்றக் காமிக்ஸைத் தடைசெய்து போட்ட விதி 2018 வரை குற்றவியல் சட்டத்தில் கிடந்தது. அதை முதலில் மீறிப் படித்த பிள்ளைகள் அதற்குள் கொள்ளுப்பேரன் பார்த்திருப்பார்கள். நம் சட்டத்தை இப்போது எழுதச் சொன்னால் நான் கேட்பது கொஞ்சம்தான். வயது வகை முகப்பில் தெரியவேண்டும். வகைப்படுத்துபவர் புத்தகத்தை முழுசாகப் படித்திருக்கவேண்டும், காரணத்தை எழுத்தில் வெளியிடவேண்டும். அந்தக் குழுவில் நூலகரும் ஆசிரியரும் பதினாறு பதினேழு வயது வாசகர்களும் இருக்கவேண்டும். கைப்பற்றுகிற வேலை போலீசுக்கு வேண்டாம்.

வீட்டுக்கு ஒரு விதி மட்டும் போட்டிருக்கிறோம், மகளும் நானும் சேர்ந்து. எதைப் படித்தாலும் போன் பறிபோகாது. மனசை உறுத்தினால் காட்டவேண்டும். நானும்தான். போன வாரம் அவள் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதை ஏன்ப்பா இப்படி வரைஞ்சிருக்காங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.